வள்ளியம்மை செய்த குற்றம் என்ன?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் தங்கை ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை உண்மையில் எந்தக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார்? தன் சேலையைக் கிழித்து ‘இதுதான் எங்கள் கொடி’ என்று அதிகாரியிடம் காட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? அவரை இந்திய விடுதலைப் போராளி என்று சொல்வதா, இந்த நாட்டின் போராளி என்று சொல்வதா?

மூன்றுக்கும் விடை அவருடைய தண்டனைக்குள்ளேயே இருக்கிறது. குதிராம் போஸ் 18 வயதில் தூக்கிலேறினார், பகத்சிங் 23 வயதில் தூக்கிலேறினார் என்று படித்து வளர்ந்த நமக்கு, இளம் போராளி என்றதும் குண்டும் துப்பாக்கியும் நீதிமன்ற முழக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. வள்ளியம்மையின் வழக்கில் அவை எவையும் இல்லை. அவர் ஓர் எல்லையைக் கடந்தார், கூட்டங்களில் பேசினார், 3 மாதக் கடுங்காவல் பெற்றார். சிறையில் நோயுற்றார், முன்கூட்டியே விடுவிக்கிறோம் என்று சொன்னபோது மறுத்தார், வெளியே வந்ததும் இறந்தார். குற்றம் இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் 1898 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை ஆர். முனுசாமி முதலியார், தாய் மங்களம். தில்லையாடி என்பது தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள, குடும்பத்தின் பூர்வீக ஊர். மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ‘தில்லையாடி’ என்ற அடைமொழியைக் கேட்டுவிட்டு, அவர் கப்பலேறி வந்தவர் என்று எண்ணிக்கொள்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் உண்டு. நம் பிள்ளைகளுக்காவது அந்தக் குழப்பம் வேண்டாம். அவர் ஜோகன்னஸ்பர்க் பெண்.

அந்தக் காலத்து ஜோகன்னஸ்பர்க் தமிழர்களில் பெரும்பாலோர், டர்பன் துறைமுகம் உள்ள நேட்டாலில் கூலி ஒப்பந்தம் முடித்துவிட்டுப் பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்களும், தெருவில் காய்கறி விற்றவர்களும், சிறு கடை வைத்தவர்களும்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்ததில் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள்; அவர்களில் பெரும்பான்மையினர் சென்னை மாகாணத்தவர். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் முதல் தேவைப்படவில்லை. ஊருக்குத் திரும்பு, அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, இரண்டும் முடியாதென்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டு என்றது 1895ஆம் ஆண்டின் நேட்டால் சட்டம். முதலில் 25 பவுன் கேட்கத்தான் திட்டமிட்டார்கள். பேரத்தில் 3 பவுனாக இறங்கியது.

மூன்று பவுன் என்றால் என்ன என்பதை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஆக, முதலாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரே ஆளுக்கான வரி ஆறு மாதச் சம்பளம். 1903இல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: 16 வயது நிரம்பிய பையனும் 13 வயது நிரம்பிய பெண்ணும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் ஆண்டுக்கு 12 பவுன். கட்ட முடியாதவன் சிறைக்குப் போக வேண்டும், அல்லது மறுபடியும் தோட்டத்து லயத்துக்குள் நுழைய வேண்டும். சட்டத்தின் நோக்கமும் அதுதான். 1912இல் இந்தியத் தலைவர் கோகலே இந்நாட்டுக்கு வந்து அமைச்சர்களைச் சந்தித்தபோது இந்த வரி நீக்கப்படும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார்; பிறகு அரசு அப்படியொரு வாக்குறுதியே கொடுக்கவில்லை என்று கைவிரித்துவிட்டது.

இத்துடன் இன்னோர் அடி. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யப்படாத திருமணங்கள் இந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் திருமணங்கள் அல்ல என்பது அதன் விளைவு. தாலி கட்டிய மனைவிக்கும் நிக்காஹ் செய்துகொண்ட மனைவிக்கும் ஒரே நாளில் மனைவி என்ற தகுதி பறிபோனது. பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது. அதுவரை காந்தி இங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்கள் ஆண்கள். 1906இல் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கொண்டுவந்த அவசரச் சட்டத்தின் வரைவில் பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது சட்டம் நேராகப் பெண்கள் மீதே கைவைத்துவிட்டது. ‘ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லாமல் போயிற்று.

வள்ளியம்மைக்கு முன்னால் போனவர்களை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. டிரான்ஸ்வாலிலிருந்து முதலில் புறப்பட்ட பதினோரு பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஜோகன்னஸ்பர்க் தமிழர் தலைவர் தம்பி நாயுடுவின் மனைவி அவர்களில் ஒருவர். பலர் இடுப்பில் கைக்குழந்தையோடு கிளம்பியவர்கள். இவர்கள் பட்ட முதல் பாடு வேடிக்கையானது: யாரும் இவர்களைக் கைது செய்யவே மாட்டேன் என்றார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் எல்லையைக் கடந்து வெரீனிகிங்கில் நுழைந்தார்கள், காவலர்கள் கண்டுகொள்ளவில்லை. உரிமம் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள். அதற்கும் கைது இல்லை. கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணைச் சிறையில் தள்ளினால் செய்தி லண்டனுக்கும் சென்னைக்கும் போகும் என்பது அரசுக்குத் தெரியும். தண்டனை கொடுக்க அரசு தயங்க, தண்டனையைக் கேட்டுப் பெண்கள் ஊர் ஊராக அலைந்தார்கள்.

கடைசியில் அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசிலுக்குப் போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் இருந்த லயங்களுக்குச் சென்று, மூன்று பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று பேசினார்கள். அது தமிழில் நடந்த பேச்சு. கேட்டவர்களில் பலருக்குத் தாய்மொழியும் அதுதான். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நியூகாசிலில் டி. லாசரஸ் என்ற தமிழ்க் கிறித்தவர் தம் சிறிய வீட்டை இவர்களுக்கும், பின்னர் வேலையை உதறிவிட்டு மூட்டை முடிச்சோடு வந்த தொழிலாளிகளுக்கும் திறந்துவிட்டார். அந்த வீட்டு அடுப்பு இரவும் பகலும் அணையவில்லை என்றும், லாசரஸின் மனைவி ஓய்வில்லாமல் உழைத்தார் என்றும் காந்தி எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனவர்களுக்கு ஊர்தோறும் கல்வெட்டு இருக்கிறது. அந்த அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு இல்லை.

வேலைநிறுத்தம் பரவத் தொடங்கியதும் அரசின் தயக்கம் போய்விட்டது. 1913 அக்டோபர் 21 அன்று அந்தப் பதினோரு பெண்களும் கைதாகி, 3 மாதக் கடுங்காவலுடன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். கஸ்தூர்பா உள்ளிட்ட, காந்தி டர்பன் அருகே அமைத்த பீனிக்ஸ் குடியிருப்புப் பெண்கள் நால்வர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

வள்ளியம்மையும் தாய் மங்களமும் அடுத்த அணியில் புறப்பட்டவர்கள். முனுசாமி முதலியாரும் இதே போராட்டத்தில் சிறை கண்டவர். ஆகவே 15 வயதுப் பெண்ணை யாரோ தூண்டிவிட்டார்கள் என்று சொல்வது சரியல்ல. அந்த வீட்டில் அரசியல் தெரியாதவர் யாருமில்லை. சிறை என்றால் என்ன என்பதும் தெரியும். அக்டோபரில் எல்லையைக் கடந்த தாயும் மகளும் நேட்டாலில் ஊர் ஊராகச் சென்று வரியை எதிர்த்துப் பேசினார்கள். டிசம்பரில் இருவருக்கும் 3 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார்கள்.

அந்த எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு நெடுஞ்சாலையில் போகிற பிள்ளைகளுக்கு அது புரியாது. 1910இல் நான்கு குடியேற்றங்கள் சேர்ந்து ஒரே ஒன்றியமானபோது வெள்ளையர்களுக்கு மாகாண எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடாக மட்டும் ஆகிவிட்டது. இந்தியர்களுக்கு அது வேலியாகவே நின்றது. 1913ஆம் ஆண்டின் குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் அந்த வேலியை இன்னும் இறுக்கியது: தன் மாகாணத்தை விட்டு வேறு மாகாணத்துக்குள் அனுமதியின்றி நுழையும் இந்தியர், இந்த நாட்டிலேயே பிறந்தவராக இருந்தாலும், ‘தடைசெய்யப்பட்ட குடியேறி’ ஆகிவிடுவார். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டிலோ 1891 முதலே இந்தியர் குடியிருக்கவும் கூடாது, கடை வைக்கவும் கூடாது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண் நூற்றுச் சொச்சம் மைல் தள்ளியுள்ள நேட்டால் எல்லையைத் தாண்டுவது குற்றம் என்று சொன்னது இந்தச் சட்டம்தான். சத்தியாக்கிரகிகளும் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். யாருடைய உடைமைக்கும் உயிருக்கும் தீங்கில்லாத, கால் எடுத்து வைப்பதை மட்டுமே கொண்ட ஒரு செயலைக் குற்றமாக்கியிருக்கும்போது, அதைப் பகலில், எல்லோரும் பார்க்கச் செய்வதே அந்தச் சட்டத்துக்கு எதிரான மிகச் சிறந்த வாதம். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. நவம்பரில் டண்டி நீதிமன்றத்தில் காந்திக்கு 60 பவுன் அபராதம் அல்லது 9 மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பானபோது அவர் சிறையைத்தான் எடுத்துக்கொண்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி வெளுப்பது. உணவு மோசம், வெளியிலிருந்து உணவு கொண்டுவர ஏறத்தாழ கடைசி வரை அனுமதி இல்லை. நோன்புக் கட்டுப்பாட்டிலிருந்த ஒரு பெண் தமக்குரிய உணவை மன்றாடிப் பெற்றபோது, அதுவும் வாயில் வைக்க முடியாததாக இருந்தது. ஆலிவ் எண்ணெய் கேட்டார், முதலில் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது சிக்குப் பிடித்த பழைய எண்ணெய். சொந்தச் செலவில் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, இது ஓட்டல் அல்ல என்று பதில் வந்தது. வெளியே வந்தபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். பெயரைச் சொல்லாமல் காந்தி எழுதியிருக்கும் அந்தப் பெண் கஸ்தூர்பா என்பதைப் படிப்பவர் எவரும் ஊகித்துவிடலாம். பாரிஸ்டரின் மனைவிக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

வள்ளியம்மை தண்டனை பெற்ற சில நாட்களிலேயே சுரத்தில் விழுந்தார். சிறை அதிகாரிகள் முன்கூட்டியே விடுவிக்க முன்வந்தார்கள், அவர் ஏற்கவில்லை. அவருடைய போராட்டத்தின் உச்சம் எல்லையைக் கடந்ததிலோ மேடையில் பேசியதிலோ இல்லை, இந்த மறுப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எல்லையைக் கடந்தபோது கூட்டம் இருந்தது, தாய் இருந்தார், பாட்டும் முழக்கமும் இருந்திருக்கும். சிறைக் கொட்டடியில் சுரத்தோடு படுத்திருக்கும் பெண்ணிடம் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று கதவைத் திறந்து காட்டும்போது ‘வேண்டாம்’ என்பதற்கு வேறுவகைத் துணிவு வேண்டும். சட்டமும் அந்த இடத்தில்தான் தோற்றது. தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதுதான் அரசிடமிருந்த ஒரே ஆயுதம். அதை விலக்கிக்கொள்கிறேன் என்று அரசே சொல்லும்போதும் விடமாட்டேன் என்கிறவரை அது என்ன செய்ய முடியும்?

அவர் மறுத்திருந்தும், மூன்று மாதம் நிறைவதற்கு முன்பே, 1914இன் தொடக்கத்தில், விடுவிக்கப்பட்டார். அதற்குள் சுரம் உடலைத் தின்றுவிட்டிருந்தது. காந்தி பார்க்கப் போனபோது அவர் படுத்த படுக்கையாக இருந்தார். உயரமான பெண் என்பதால் மெலிவு இன்னும் கொடுமையாகத் தெரிந்தது என்று காந்தி குறிப்பிடுகிறார். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார் வள்ளியம்மை. அதனால் உயிரே போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்; போகட்டும், தாய்நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்பமாட்டார்கள் என்று பதில் வந்தது. சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, தம் பதினாறாவது பிறந்தநாளில் அவர் இறந்தார். சிறையில் இறந்தார் என்று சில பாடங்களில் வருவது தவறு. அவர் உயிர் பிரிந்தது விடுதலைக்குப் பிறகு.

இந்த உரையாடலை எவ்வளவு நம்பலாம் என்று ஆசிரியராகிய நீங்கள் கேட்பது நியாயம். காந்தி இதை எழுதியது உடனே அல்ல. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தின் வரலாற்றை அவர் 1923 நவம்பரில் எரவாடா சிறையில் இருந்துகொண்டு, பெரும்பாலும் நினைவிலிருந்தே சொல்லத் தொடங்கினார். பத்தாண்டு இடைவெளியில் சொற்கள் மாறியிருக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பின் சாரத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, ஏனென்றால் முன்விடுதலையை மறுத்த செயலும் அந்தப் பதிலும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பது தெளிவாகவே தெரிகிறது.

சேலைக் கொடிக் கதை அப்படியல்ல. இந்தியா என்று ஒரு நாடே கிடையாது, உங்களுக்குக் கொடி எங்கே என்று ஓர் அதிகாரி கேட்டதாகவும், மூவண்ணச் சேலையைக் கிழித்து ‘இதோ கொடி, இதோ நாடு’ என்று வள்ளியம்மை காட்டியதாகவும், இன்றைய தேசியக் கொடியின் நிறங்களுக்கு அதுவே மூலம் என்றும் ஒரு கதை தமிழ்நாட்டில் மேடைதோறும் சொல்லப்படுகிறது. காந்தியின் நூலில் அது இல்லை. கொடியின் வரலாறும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1907இல் ஸ்டுட்கார்ட்டில் காமா அம்மையார் விரித்த கொடியின் நிறங்கள் வேறு. பிங்கலி வெங்கய்யா கொடுத்த வடிவத்திலிருந்து கிளம்பிய ராட்டைக் கொடி 1921இல்தான் வந்தது. காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையைக் காங்கிரஸ் 1931இல்தான் ஏற்றது. எனவே வகுப்பில் இதை வரலாறாகச் சொல்ல வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நம் மக்கள் அன்பால் கட்டிய கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சிக்கு எண்ணெயும் துணி வெளுப்பும் முன்விடுதலை மறுப்பும் கையில் இருக்கும்போது கிழிந்த சேலை எதற்கு?

வள்ளியம்மை தனியாக நிற்பவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி நாகப்பன் என்ற இளைஞருக்கு 1909 ஜூன் 21 அன்று 10 நாள் கடுங்காவல் விதித்தார்கள். ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறையிலிருந்து ஜூக்ஸ்கை ஆற்றுப் பக்கத்துச் சாலை வேலை முகாமுக்கு அனுப்பினார்கள். ஹைவெல்ட் ஜூன் குளிரில் விடியற்காலையில் சாலை போடுவது எப்படியிருக்கும் என்று உங்கள் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 30 அன்று வெளியே வந்த அவர், நுரையீரல் இரண்டிலும் சளிச்சுரம் கண்டு ஜூலை 6 அன்று இறந்தார். மறு ஆண்டு நாராயணசாமி. இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பி வந்தவரை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. துறைமுகம் துறைமுகமாகக் கப்பலிலேயே அலைந்து, 1910 அக்டோபர் 16 அன்று இன்றைய மபூட்டோவாகிய டெலகோவா விரிகுடாவில் உயிர் விட்டார். ஒருவர் 10 நாள் தண்டனையால் இறந்தார், ஒருவர் தண்டனையே இல்லாமல் இறந்தார். தூக்கு மேடை இல்லாத இந்த நாட்டுச் சத்தியாக்கிரகத்தில் சாவு வந்த வழி இதுதான்: குளிர், சுரம், கப்பல் தளம். தீர்ப்புத் தாளில் மரணம் என்று எங்கும் எழுதப்படவில்லை.

இந்தத் தியாகத்தால் கிடைத்தது என்ன என்பதில் தெளிவு வேண்டும். 1913 நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் எல்லையை நோக்கி நடந்தார்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற இடங்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஜனவரியில் அமைச்சர் ஸ்மட்ஸும் காந்தியும் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. நம் முறைப்படி நடந்த திருமணங்களை ஏற்றது. எந்த வரியை எதிர்த்து வள்ளியம்மை பேசினாரோ அது போயிற்று. எந்தத் தீர்ப்பு அவர் தாயின் திருமணத்தைச் செல்லாக்காசாக்கியதோ அதுவும் போயிற்று.

ஆனால் அவர் கடந்த எல்லை போகவில்லை. மாகாணம் விட்டு மாகாணம் போக இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகள், 1975 வரை, இருந்தது. அப்போதும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும் வடக்கு நேட்டாலும் விலக்கப்பட்டிருந்தன; அங்கே தடை நீங்க 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. ஆகவே 1914 உடன்பாட்டை முழு வெற்றி என்று கொண்டாடும் எழுத்துகளை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் படிக்கிறேன். அந்தப் பெண் எந்தச் செயலுக்காகக் குற்றவாளி ஆனாரோ அந்தச் செயல் அவருடைய பேரப்பிள்ளை வயதினருக்கும் குற்றமாகவே இருந்தது. டர்பனில் கல்யாணம், சாவு என்றால் டிரான்ஸ்வால் தமிழர்கள் முதலில் அனுமதிச் சீட்டுக்கு ஓடியதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை வீட்டில் ஆயாவிடமும் தாத்தாவிடமும் இதைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நினைவுச் சின்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வள்ளியம்மை பெயரில் ஒரு மண்டபம் கட்டுவதென்று 1914இல் இங்கே தீர்மானம் போட்டார்கள். பத்தாண்டு கழித்தும் அது செயலுக்கு வரவில்லை என்று காந்தியே வருந்தி எழுதினார். தமிழ்நாட்டில் 1971இல் தில்லையாடியில் நினைவு மண்டபமும் நூலகமும் வந்தன. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். 2008இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பது பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டுக் கல். காந்தி இந்த நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, 1914 ஜூலை 15 அன்று, நாகப்பன், வள்ளியம்மை இருவருக்குமான கல்லறைக் கற்கள் அவர் முன்னிலையில் திறக்கப்பட்டன. அன்றே ஜோகன்னஸ்பர்க் தமிழர்கள் அவருக்கு விடைகொடுத்த கூட்டத்தில், போராட்டத்தின் பாரத்தைத் தமிழர்களே அதிகம் சுமந்தார்கள் என்று அவர் மனம்விட்டுச் சொன்னார். பிறகு நெடுங்காலம் அந்தக் கற்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. இந்த நாட்டில் நிறவெறி ஆட்சி ஒழிந்த பின் 1997இல்தான் சீர்செய்து மறுபடியும் மரியாதை செய்தார்கள்.

கல்லைவிட நீடித்தது வழக்கம். 1946 ஜூனில் டர்பனில், இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்திய ‘கெட்டோ சட்டத்தை’ எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது பெண்கள் சிறைக்குப் போவதா என்ற கேள்வியே எழவில்லை. தமிழ் மருத்துவர் கூனம் போன்றவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள். முதல் அணியில் போன தம்பி நாயுடு குடும்பத்தைப் பாருங்கள். அவர்கள் பேரன் இந்திரேஸ் நாயுடு 1963 முதல் பத்தாண்டு ராபன் தீவுச் சிறையில் இருந்தார். பேத்தி சாந்தி நாயுடு 1969இல் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டு, நெல்சன் மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னபோது மறுத்தார். சாட்சி சொன்னால் விடுதலை, மறுத்தால் மீண்டும் சிறை. 1914இல் சுரத்தோடு கிடந்த பெண்ணின் முன் வைக்கப்பட்ட கதவும் இதைப் போன்றதுதான். இருவரும் அதன் வழியே வெளியே வரவில்லை.

இனி மூன்றாவது கேள்வி. வள்ளியம்மை ‘தாய்நாடு’ என்றது இந்தியாவை என்றுதான் காந்தி எழுதியதைப் படிக்கும்போது தோன்றுகிறது. அந்தத் தலைமுறைக்கு அதில் வியப்பில்லை. ஆனால் அவர் மீறிய சட்டம் இந்த நாட்டுச் சட்டம், அவர் எதிர்த்த வரி நேட்டால் வரி, அவரோடு நின்ற சுரங்கத் தொழிலாளிகள் இங்கேயே தங்கி நமக்குப் பாட்டன் பூட்டன் ஆனவர்கள். இந்திய விடுதலையில் அவருக்குப் பங்கு உண்டு, அது வேறு வழியில். 1915 ஏப்ரலில் சென்னையில் கொடுத்த வரவேற்பில், நாகப்பனையும் நாராயணசாமியையும் வள்ளியம்மையையும் நீங்கள்தான் ஊக்கினீர்கள் என்று புகழ்ந்தபோது காந்தி அதை ஏற்கவில்லை. பலன் எதிர்பாராமல் நம்பிக்கையோடு உழைத்த அந்த எளிய மக்கள்தாம் தம்மை ஊக்கினார்கள் என்றார். சில நாட்களில் தரங்கம்பாடிப் பக்கம் சென்று தில்லையாடி மண்ணையும் மிதித்தார். சம்பாரணும் உப்புச் சத்தியாக்கிரகமும் அதற்குப் பிறகு வந்தவை. பெண்களும் தொழிலாளிகளும் சேர்ந்து நடந்தால் ஓர் அரசு இறங்கிவரும் என்பதை அவர் நியூகாசிலிலும் வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையிலும் கண்டுவிட்டுத்தான் கப்பலேறினார். எனவே வகுப்பில் அவரைத் தென்னாப்பிரிக்கப் போராளி என்றே அறிமுகப்படுத்துங்கள். இந்தியா அவரிடமிருந்து கற்றுக்கொண்டது என்று அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களை பிராம்ஃபொன்டெய்னுக்கு அழைத்துப் போவதானால் ஒரு யோசனை. நாகப்பன் அடைபட்டிருந்த கோட்டைச் சிறை இன்று அரசியலமைப்பு நீதிமன்ற வளாகம். இடுகாட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. அதை முதலில் பார்த்துவிட்டு இடுகாட்டுக்குப் போங்கள். இந்த நாட்டுத் தேசிய கீதத்தில் இடம்பெற்றிருக்கும் ‘ங்கோசி சிகெலெல் இ ஆஃப்ரிகா’ பாடலை இயற்றிய ஈனோக் சொன்டோங்காவும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார். மூன்று கல்லையும் ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.